ஓவனுக்குப் பின்னால் ஒரு பிளக்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் கறண்ட் வந்தபோது இருந்தது ஒரே ஒரு பிளக் பொயின்ட். இப்போதைய வீட்டில் முப்பத்தொன்று. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்து நாடு முழுக்க இருண்டதே, அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லாமல் எண்ணிப் பார்த்தேன்.

கறண்ட் எங்களுக்குத் தூரத்துச் சாமான் இல்லை. 1950களிலேயே கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலையில் அணைகட்டி, தண்ணீரில் மின்சாரமும் எடுத்தார்கள். தண்ணீர் உடனே வயலுக்கு வந்தது. கம்பி வீட்டுக்கு வர இன்னும் எத்தனையோ போகம் போனது. ரூபவாஹினி தொடங்கி இரண்டு மூன்று வருசம் கழித்துத்தான் எங்கள் சுவரில் மரக் கேஸிங் அடித்தார்கள். அதுவரை கார் பெற்றரியைச் சைக்கிளில் கட்டி, சம்மாந்துறைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வந்துதான் பக்கத்து வீட்டில் டிவி பார்த்தோம். கதை முடிகிற நேரம் பார்த்துப் படம் சுருங்கும்.

பிளக்கை எங்கே வைப்பது என்று வயர்மேன் கேட்டார். அப்பா யோசிக்கவே இல்லை. ஹோலில், வாசற்கதவுக்குப் பக்கத்தில், பிள்ளையார் படத்துக்குக் கீழே. றேடியோ அங்கேதான் இருந்தது. குசினிக்கும் ஒன்று போடலாமே என்று வயர்மேன் இழுத்தார்.

"குசினிக்கு என்னத்துக்கு? அடுப்பு விறகில எரியுது, அம்மி கையால ஓடுது" என்றார் அப்பா.

அம்மா குசினி நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. அவவிடம் கேட்கலாம் என்கிற எண்ணம் அங்கே நின்ற ஒருவருக்கும் வரவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

ஆக, சாமான்தான் பிளக்கைத் தேடிப் போனது. ஸ்திரிக்கைப்பெட்டி ஹோலுக்குப் போனது. மாமா சவூதியிலிருந்து அனுப்பிய பிரிஜ்ஜும் ஹோலுக்கே போனது. தலையில் லேஸ் துணி, அதன்மேல் பிளாஸ்ரிக் பூ. மத்தியானக் கறிக்கு மீன் எடுக்க, வந்திருக்கிற விருந்தாளிகளுக்கு நடுவால் அம்மா சட்டியோடு போவா. உருண்டைப் பின் பிளக், சதுரப் பின் சாமான் என்று பொருந்தாதபோது பிளக்கையே வெட்டி எறிந்துவிட்டு, வயர் நுனியைச் சீவி, ஓட்டைக்குள் விட்டு ஈர்க்கால் இறுக்குவோம். 13 ஆம்பியர் சதுரப் பின் பொயின்ட் வந்த பிறகு மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தி, கீழ் இரண்டையும் மறைக்கும் கதவைத் திறக்கச் செய்து, இரண்டு பின் பிளக்கைச் செருகினோம். குழந்தைகள் விரல் விடக்கூடாது என்று எர்த் பின்னை நீளமாக்கி அந்தக் கதவை வைத்தவர்கள் பிரிட்டிஷ்காரர். அதைப் பேனாவால் திறந்து காட்டியது எங்கள் வீட்டில் ஒரு பத்து வயதுக் குழந்தை. 2017இலிருந்து மற்றப் பிளக் வகைகளை இறக்கவோ செய்யவோ கூடாது, 2018இலிருந்து விற்கவும் கூடாது, சதுரப் பின் மட்டுந்தான் என்று சட்டம் வந்தது. ஈர்க்கைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

1990இல் ஊர் எரிந்தது. காரைதீவு, திருக்கோவில் என்று அலைந்து திரும்பியபோது சுவர்கள் சில நின்றன. கேஸிங் இருந்த இடத்தில் வெளுத்த கோடு மட்டும் ஓடியது. செம்புக்கு எந்தக் காலத்திலும் விலை உண்டு.

இப்போதைய வீடு தம்பியின் கட்டார் காசு. வீடு கட்டும்போது அவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பான்ட்ரி கபேட், அதற்குள் பதித்த ஓவன், பதித்த மைக்ரோவேவ், கதவுக்குள் ஒளிந்த பிரிஜ். ஒரு வயர் தெரியக்கூடாது என்பது அவன் கட்டளை. அதை அப்படியே நிறைவேற்றினோம். ஓவனுக்கு நேர் பின்னால், சுவரின் நட்டநடுவில் பிளக். கபேட்காரர் ஓவனைத் தள்ளினார். இரண்டு அங்குலம் வெளியே நின்றது. பிளக்கின் தலை இடித்துக்கொண்டு நின்றதாம். மேசனைக் கபேட்காரர் குற்றம் சொல்ல, கபேட்காரரை மேசன் குற்றம் சொல்ல, கடைசியில் சுவரைக் குடைந்து உள்ளே தள்ளி, பக்கத்துக்கு இரண்டாக நாலு திருகாணி முறுக்கி மூடினார்கள். படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. தம்பி வீடியோவில் பார்த்துச் சந்தோசப்பட்டான்.

அன்றைக்குப் பிளக் எல்லார் கண்ணிலும் பட்டது, சாமான் இல்லை. இன்றைக்குச் சாமான் பளபளக்கிறது, பிளக் எங்கே என்று சத்தியமாகத் தெரியாது.

பிறகு கறண்ட் போகத் தொடங்கியது. 2022 மார்ச் கடைசியில் ஒருநாள் 13 மணித்தியாலம். ஒவ்வொரு முறை வரும்போதும் ஓவனின் மணிக்கூடு பூச்சியம் காட்டி மின்னும். மணியைச் சரிசெய்யும்வரை அது சூடாகாது. அதன் புத்தி அப்படி. எந்தப் பட்டனை எத்தனை செக்கன் அமர்த்துவது என்று சொல்லும் கொப்பி காணாமல்போய்விட்டது. ராத்திரி முழுக்க அந்தப் பச்சைக் கண் சிமிட்டுவதைப் பார்த்து அம்மாவுக்கு நித்திரை இல்லை.

"பிளக்கக் கழட்டி விடுங்கம்மா" என்றான் தம்பி, டோஹாவிலிருந்து.

"அதுக்கு முதல்ல ஓவனக் கழட்டணும் மகன்."

அந்த ஓவனுக்குள் அப்போது இருந்தவை: அரிசிமா டின், இரண்டு தாச்சி, கோயில் திருவிழாவுக்கு எடுக்கிற பெரிய அண்டாவின் மூடி. சமையல் நடந்தது வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டிலில், விறகடுப்பில். மிக்சிக்கு மட்டும் ஹோலிலிருந்து எக்ஸ்டென்ஷன் கோட், ஜன்னல் கம்பிக்குள்ளால் வெளியே போகும். ஹோலில் எந்தப் பிளக் என்றா கேட்கிறீர்கள்? பிள்ளையார் படத்துக்குக் கீழே இருப்பதுதான். முப்பத்தொன்றில் கைக்கு எட்டுவது அது ஒன்றுதான்.

போன மாதம் சம்மாந்துறையிலிருந்து ஒரு எலக்ட்ரீசியன் காக்காவைக் கூட்டி வந்தேன். அவர் ஓவனை இழுத்து, பின்னால் ரோர்ச் அடித்துப் பார்த்து, நாக்கால் ஒரு சத்தம் போட்டார்.

"தம்பி, ஓவன்ட பிளக்க ஓவனுக்குப் பின்னால ஆரும் வைப்பாங்களா? பக்கத்துக் கபேட்டுக்குள்ள வைக்கணும். சுவிச் மேசைக்கு மேல, கைக்கு எட்டுற இடத்தில. நெருப்புப் பிடிச்சா என்னத்த இழுக்கிற நீங்க?"

வயரும் போதாது என்றார். பிளக்குகளுக்கெல்லாம் 7/0.67, அதாவது ஏழு இழை, இழைக்கு 0.67 மில்லிமீற்றர். இரண்டரைச் சதுர மில்லிமீற்றர் வயர். ஓவன், மைக்ரோவேவ், ஹீற்றர் எல்லாம் அதே ஒரு லைனில் தொங்கின. ஓவனுக்கு டி.பி. பெட்டியிலிருந்து தனி லைன் வேண்டுமாம், 7/1.04இல். மீற்றருக்கு வருகிறதே 30 ஆம்பியர். 230 வோல்ற்றில் பெருக்கினால் 6,900 வாற்று. ஓவனும் ஹீற்றரும் ஆளுக்கு மூவாயிரம் எடுத்தால், ஸ்திரிக்கைப்பெட்டியைத் தொட்டதும் வீடு இருண்டு போவதில் என்ன அதிசயம்?

பின்னேரம் வேலை முடிந்தது. மேசைக்கு மேலே சிவப்பு லைற் வைத்த சுவிச். அம்மா அதை அமர்த்தினா, பச்சைக் கண் அணைந்தது. திரும்ப அமர்த்தவே இல்லை.

காக்கா சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். மிச்சமாக ஒரு சுருள் 7/0.67 கிடந்தது.

"காக்கா, கொட்டிலுக்கு ஒண்டு போட ஏலுமா?" என்றா அம்மா.

"ஏலும். எந்த இடத்தில வேணும்?"

அம்மா அடுப்புக்குப் பக்கத்தில், மிக்சி வைக்கிற மரப்பலகைக்கு முன்னால் போய் நின்றா. வலது கையை நீட்டி, விரல் சுவரில் பட்ட இடத்தில் அப்படியே வைத்திருந்தா. காக்கா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அந்த விரலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.