படத்திருத்தியல்: மூலமும் உரையும்

கேமரா வாங்கியவர் “எந்த சாப்ட்வேர்ல எடிட் பண்ணலாம்?” என்று முதன்முதலாகக் கேட்கும் கணம் தொடங்கி, ஏதோ ஒன்றைக் கணினியில் ஏற்றித் தம் முதல் படத்தைத் திறக்கும் கணம் வரை உள்ள இடைவெளியை இந்நூல் ‘தேர்வுக் காலம்’ என்று வழங்கும். அது சிலருக்கு ஒரு மாலைப்பொழுது, சிலருக்கு ஒரு வருடம். வருடமாக நீளுமிடத்துக் கேமரா பீரோவுக்குள் கிடக்கும். லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அது லென்ஸ் இயலில் சொல்லப்பட வேண்டியது. ஈண்டு விரிப்பின் பெருகும்.

இனி முதற் சூத்திரம்:

எடுப்பதின் இனிது தேர்வதென் றிருப்பர்
எடுத்தறி யாத இளையோர் தாமே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், தேர்வுக் காலம் நீள்வதன் காரணம் உணர்த்துதல் நுதலிற்று. படம் எடுக்க விடியலில் எழ வேண்டும், வெளிச்சம் ஒத்துழைக்க வேண்டும், முன்பின் தெரியாதவரிடம் “ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாண்ணே?” என்று கேட்கக் கூச்சம் விட வேண்டும். மென்பொருளை மென்பொருளோடு ஒப்பிட ஒரு நாற்காலியும் யூடியூபும் போதும். இரண்டு பெயர்களுக்கு நடுவே மின்னல் குறி போட்ட காணொளிகளைத் தொடர்ந்து பார்ப்பவர், மூன்றாம் நாள் முதல் தம்மைப் புகைப்படக்காரராகவே உணரத் தொடங்குகிறார். ஷட்டரை அழுத்தாமல் கிடைக்கும் இந்த உணர்வை எளிதில் கைவிட யாருக்கு மனம் வரும்?

கணினி இல்லாத காலத்தும் படந்திருத்தல் உண்டோ எனின், உண்டு. அதுவும் நம்மூர்ப் படத்திலேயே. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லினேயஸ் டிரைப் 1858-இல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். அக்கால நெகட்டிவுக்கு நீல ஒளி என்றால் அளவுமீறிய ஈர்ப்பு. அதனால் வானம் முழுக்க ஒரே கறுப்பாகப் பதியும். அச்சில் அது வெற்றுத்தாளாக வெளுத்து நிற்கும். டிரைப் தம் காகித நெகட்டிவ்களின் மேல் நிறமி தீற்றி மேகம் வரைந்தார். தெளிவில்லாமல் விழுந்த இலைதழைகளையும் சரிசெய்தார். இன்று ‘ஸ்கை ரீப்ளேஸ்மென்ட்’ என்று ஒரே சொடுக்கில் நடக்கும் வித்தை இதுதான். போட்டோஷாப்புக்கு அது வந்து சேர்ந்தது 2020-இல். அவர் அத்தோடும் நிற்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள ஒரே படமாக்கினார். பனோரமா இணைப்புக்கு எந்த மென்பொருள் நல்லது என்று கேட்போர் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம். தூரிகைக்கு அன்று மாதச் சந்தாவும் இல்லை.

இனி எதிர்க்கட்சியார் கூற்று. “படத்தைத் திருத்துவதே பொய். நான் எடுத்தது எடுத்தபடி வைப்பவன்” என்பார் ஒரு சாரார். இவர்களை ‘உள்ளதுரைப்போர்’ எனக் குறிக்கலாம். இவர் கூற்றுப் பொருந்தாது. என்னை? கேமராவின் சென்சாரில் பதிவது ரா எனப்படும் கச்சாத் தரவு; 14 பிட் கேமராவில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 ஒளிப்படிகள். அதை ஜேபெக் ஆக்கும்போது நிறத்துக்கு 256 படிகளே மிஞ்சும். எதை வைத்து எதை விடுவது, எவ்வளவு கூர்மையேற்றுவது, தோலின் நிறம் எப்படித் தெரிய வேண்டும் என்றெல்லாம் கேமராவுக்குள் ஒரு நிரல் முன்பே முடிவுசெய்துவிடுகிறது. ஆகவே உள்ளதுரைப்போரும் திருத்துவோரே. வேலையை ஜப்பானில் இருக்கும் ஒரு பொறியாளரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், அவ்வளவுதான்.

இனி மென்பொருள்களின் மரபு. போட்டோஷாப் முதலில் வைக்கத்தக்கது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ் நோல், தம் கருப்புவெள்ளை மெக்கின்டாஷ் திரையில் சாம்பல் நிறப் படங்கள் தெரிவதற்காக 1987-இல் ஒரு நிரல் எழுதினார். சினிமாவுக்குச் சிறப்புக் காட்சிகள் செய்யும் நிறுவனத்தில் இருந்த தம்பி ஜான் அதை விடாமல் வளர்க்கச் சொன்னார். 1990 பிப்ரவரியில் அடோபி வெளியிட்டது. ஆய்வேட்டை எழுத வேண்டிய நேரத்தில் எழுதப்பட்டது ஆதலின், வேலையைத் தள்ளிப்போடுவோர்க்கு இம்மென்பொருள் இயல்பாகவே பொருந்திவருகிறது. 2013 முதல் புதிய பதிப்புகளுக்குச் சந்தா முறை வந்தது. அதனால் வாங்கிவிட்டோம் என்று சொல்ல வழியில்லை; வாடகைக்கு இருக்கிறோம் என்றே சொல்ல வேண்டும்.

இலவசமே வேண்டும் என்போர்க்கு ஜிம்ப். பெர்க்லி மாணவர்கள் இருவர் 1995-இல் தொடங்கியது. இதன் 2.0 பதிப்பு வந்தது 2004-இல், 3.0 வந்தது 2025-இல். முன்னது வந்த ஆண்டில் பிறந்த குழந்தை பின்னது வருவதற்குள் கல்லூரி முடித்திருக்கும். காசு கேட்காதவரை அவசரப்படுத்த முடியாது. குறையென்று சொல்ல இதில் பெரிதாக ஒன்றுமில்லை, பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடும் நேரம் தவிர.

2007-இல் வந்த லைட்ரூம்தான் புதியவர்களை அதிகம் அழவைப்பது. அது மூலப் படத்தைத் தொடுவதே இல்லை. எந்தப் படம் எந்தப் போல்டரில் இருக்கிறது, அதற்கு என்ன திருத்தம் சொன்னோம் என்று ரேஷன் கடைப் பதிவேடு போல எழுதிமட்டும் வைத்துக்கொள்கிறது, சரக்கு வேறிடத்தில். இதை அறியாத புதியவர், “அதான் லைட்ரூமுக்குள்ள போயிடுச்சே” என்று இடம் மிச்சம் பிடிக்க மூலப் போல்டரை அழித்துவிடுவார். மறுநாள் போல்டர் பெயருக்கு அருகே ஒரு கேள்விக்குறி தோன்றும். அக்கேள்விக்கு விடை ரீசைக்கிள் பின்னில் இருந்தால் உண்டு.

இத்தனையும் சொல்லி எதைத் தேர்வது எனின், அதற்குச் சூத்திரம்:

அழைத்தால் எடுக்கும் அண்ணன் கணினியில்
இழைத்த தெதுவோ இனியதும் அதுவே.

அண்ணன் என்றது ஊரில் ஸ்டுடியோ வைத்திருப்பவரை. உடன்பிறந்தவர் ஆயினும் போன் எடுக்காதவர் இச்சூத்திரத்துள் அடங்கார். அண்ணனிடம் இருப்பது பெரும்பாலும் போட்டோஷாப்பின் ஏதோ ஒரு பழைய பதிப்பு. இடது கை விசைப்பலகையை விட்டு எழாது. பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னணியை வெள்ளையாக்குவது, சட்டையோடு வந்தவருக்குக் கோட்டும் டையும் மாட்டுவது, ஒரே தாளில் எட்டு முகங்களை வரிசைப்படுத்துவது எல்லாம் நீங்கள் பர்சை எடுப்பதற்குள் முடிந்திருக்கும். எந்த மெனுவில் எது இருக்கிறது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது, விரலுக்குத் தெரியும். மென்பொருளின் உண்மையான சிறப்பம்சம் எதுவென்றால், மாட்டிக்கொள்ளும்போது பக்கத்தில் கேட்க ஓர் ஆள் இருப்பதே. விலைப்பட்டியலிலும் ஒப்பீட்டுக் காணொளியிலும் இந்த அம்சத்துக்கு இடமில்லை. ஜிம்ப் தெரிந்த அண்ணன் வாய்த்தவர் ஜிம்ப் கொள்க. கல்லூரி விடுதியில் பக்கத்து அறைத் தோழி டார்க்டேபிள் என்னும் மென்பொருள் வைத்திருந்தால், அதுவே உங்கள் குலதெய்வம்.

அண்ணனிடம் கற்கக்கூடாதது ஒன்றுண்டு. யார் வந்தாலும் கேளாமலே முகத்தை இரண்டு படி வெளுப்பாக்கிவிடும் பழக்கம். மாநிறத்தைப் பிழையென்று கருதிச் செய்யும் இத்திருத்தம் திருத்தத்தில் சேராது. உரையாசிரியர் இவ்விடத்தில் நடுநிலை தவறினார் என்று சொன்னாலும் குற்றமில்லை.

புதியவர் செய்யும் வேலை நான்கே: சாய்ந்த கோட்டை நேராக்கல், வேண்டாத ஓரத்தை வெட்டல், வெளிச்சத்தைக் கூட்டல் குறைத்தல், டியூப்லைட்டால் பச்சை படிந்த முகத்துக்கு நிறச்சமன் செய்தல். போனில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்னாப்சீட் உட்பட எல்லா மென்பொருளும் இந்நான்கையும் செய்யும். ஐந்தாம் வேலை தேவைப்படும் நாளில்தான் மென்பொருள்களுக்குள் வேறுபாடே தொடங்குகிறது.

ஆயினும் இந்நான்கோடு எவரும் நிற்பதில்லை.

வண்ணக் கோலை வலமிகத் தள்ளல்
கண்ணுறு புதியோர் கடனென மொழிப.

வண்ணக் கோல் என்றது சாச்சுரேஷன் ஸ்லைடரை. இது எல்லோர்க்கும் வந்து நீங்கும் அம்மை. முதல் வாரத்தில் வயல் எரியும் பச்சையாகும். மாலை வானம் குங்குமத்தில் குளிக்கும். குலசேகரபட்டினத்துத் தசரா வேடங்கள், இயல்பிலேயே நிறம் குறையாதவை, திரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். தடுப்பு மருந்து: திருத்திய படத்தை இரவே யாருக்கும் அனுப்பாமல் காலையில் ஒருமுறை பார்த்தல். பக்கத்தில் வைபிரன்ஸ் என்று இன்னொரு கோல் உண்டு. ஏற்கெனவே நிறம் மிகுந்த இடத்தை அவ்வளவாகத் தொடாமல் மங்கிய நிறங்களை மட்டும் தூக்கிவிடும். கை சும்மா இராதவர் அதைத் தள்ளிக்கொள்ளலாம்.

இறுதியாகப் பதிப்பியல். எதில் திருத்தினாலும் படத்தைக் கடைசியாகத் திருத்துவது வாட்ஸ்அப். ராவில் எடுத்து, 16,384 படிகளைப் பேணி, மூக்குத்தியின் ஒளிப்பொட்டு வரை பார்த்துப் பார்த்துச் செய்த படத்தைக் குடும்பக் குழுவில் போட்ட கணமே வாட்ஸ்அப் அளவைக் குறுக்கி நுணுக்கத்தைப் பிழிந்துவிடும். 2023-இல் எச்.டி. என்று ஒரு வசதி வந்தது. அதுவும் சுருக்கும், கொஞ்சம் தாராளமாக. டாக்குமென்ட்டாக அனுப்பினால்தான் படம் உள்ளபடி போய்ச் சேரும். அப்படி அனுப்பினால், “என்னப்பா, போட்டோ அனுப்புறேன்னுட்டு ஏதோ பைல் அனுப்பியிருக்க? தொறக்கவே மாட்டேங்குது” என்று அத்தையிடமிருந்து போன் வரும். இவ்விடத்துக்குச் சூத்திரம் செய்யாது விட்டோம். போட்டோவாகவே அனுப்பிவிடுக.