சொன்னதை மட்டும் செய்யும் பெட்டி

ஓசூரில் ஒருவன் “கம்பெனியில் வேலை” என்றால் அடுத்த கேள்வி, “பைக்கா, லாரியா, வாட்ச்சா?” என்பதுதான். “விமானம்” என்று நான் சொன்னால், தினமும் பெங்களூர் போய்வருகிற ஆள் என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். தளி சாலையில் பெலகொண்டப்பள்ளியில் ஓர் ஓடுபாதை இருப்பதும், 1990-களில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் பார்ட்டனேவியா பி68 என்ற இத்தாலிய வடிவமைப்பு இரட்டை எஞ்சின் விமானத்தை அங்கேயே தயாரித்ததும் உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. பயணிகள் விமானம் வரவேண்டுமென்றால், பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தம் 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் இன்னொன்று கூடாது என்று குறுக்கே நிற்கிறது. யானைகளுக்கு அப்படி ஒப்பந்தம் எதுவும் இல்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் நினைத்த நேரத்தில் வந்து இறங்குகின்றன.

சின்ன விமானங்களின் ஆட்டோபைலட்டைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. சிப்காட்டில் ரோபோவுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் என் மச்சான் ஒரு தீபாவளியன்று கேட்டான்: “ஏன் மாமா, அதுவே ஓட்டுதுன்னா பைலட்டுக்கு எதுக்கு அவ்வளவு சம்பளம்?”

“ரோபோவே வெல்டிங் வைக்குதுன்னா உனக்கு எதுக்குடா ஓ.டி.?” என்றேன். அதன்பிறகு அவன் கேசரியில் கவனம் செலுத்தினான்.

1914-ல் பாரீஸில் சேன் நதிக்கு மேலே, ஆட்டோபைலட்டை உருவாக்கிய லாரன்ஸ் ஸ்பெர்ரி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டியபடி பறந்தார். சுழலும் கைரோக்கள் விமானத்தை நேராகப் பிடித்துக்கொண்டன. அதை நம்பி மெக்கானிக் இறக்கைமேல் ஏறி நடந்தார். சரித்திரம் ஸ்பெர்ரியின் கைகளைத்தான் பேசுகிறது. மெக்கானிக்கின் கால்களைப் பேசுவாரில்லை. எங்கள் இனத்துக்கு அன்றைக்கே அப்படித்தான்.

ஆட்டோபைலட் பெட்டியில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. திசைமானியில் ‘பக்’ என்று ஒரு சின்னக் குறி இருக்கும். குமிழைத் திருகி அதை எங்கே வைக்கிறோமோ, விமானம் அந்தத் திசைக்குத் திரும்பும். இன்னொரு பொத்தானைத் தட்டினால் அதே உயரத்தில் நிற்கும். எதிரே மலை இருக்கிறதா என்று பார்க்காது. நிமிடத்துக்கு 700 அடி ஏறு என்றால், வேகம் செத்துக்கொண்டே வந்தாலும் மூக்கைத் தூக்கிக்கொண்டே இருக்கும். ஓசூரோ கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி மேலே இருக்கிற ஊர். சித்திரை வெயிலில் காற்று மெலிந்து எஞ்சின் முக்கும்போது இவ்வளவு விசுவாசம் ஆகாது.

தரையில் சோதிப்பதுதான் வேடிக்கை. வலது சீட்டில் உட்கார்ந்து, கைரோக்கள் நிதானத்துக்கு வந்ததும் பெட்டியை இயக்கி, பக்கை இடப்பக்கம் திருப்புவேன். காலியாக இருக்கும் பைலட் சீட்டுக்கு முன்னால் ஸ்டியரிங் தானாக இடப்பக்கம் சாயும். பிறகு அதை எதிர்த்துக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். கிளட்ச் வழுக்கி வழிவிட வேண்டும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சட்டென்று விட்டுவிட வேண்டும். ஒருநாள் ஜன்னல் வழியாக இதைப் பார்த்த வாட்ச்மேன் தாத்தா, “சந்திரசூடேஸ்வரா!” என்று செருப்பைக் கழற்றினார்.

பறக்கும்போது உயரப் பொத்தானைப் போட்டதை மறந்து பைலட் ஸ்டியரிங்கை இழுத்தால் கதை கந்தல். உயரம் கெடுகிறதே என்று பெட்டி, மூக்கின் சாய்வைப் பிடித்துவைக்கும் டிரிம்மைக் கீழ்நோக்கி ஓட்டும். இவர் இன்னும் இழுப்பார். அது இன்னும் ஓட்டும். யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்த நொடியில்தான் பெரிய குதிப்பு.

சீர்செய்வது என்பது இந்தப் பெட்டியின் சுறுசுறுப்பை அளந்து வைப்பது. அதிகமானால், எல் போர்டு மாட்டிய கார் போல இடமும் வலமும் அலைந்துகொண்டே போகும். குறைந்தால், திசை மாறிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதற்கு உறைக்கும். ஆனால் திருகில் கை வைப்பதற்கு முன் கேபிள் தொய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் பைலட்டின் புகாரைப் புரிந்துகொள்ள வேண்டும்; கஷ்டம் அங்கேதான்.

“கொஞ்சம் இழுக்குது” என்றார் ஒரு கேப்டன்.

“எந்தப் பக்கம் சார்?”

“சில நேரம் ஒரு பக்கம்.”

கேபிளைப் பார்த்தேன், சர்வோ மோட்டாரைப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்கு. கடைசியில் அவரோடு நானும் ஏறினேன். கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணைக்கு மேலே வந்தபோது, சொன்னபடியே இடப்பக்கம் சாய்ந்தது. ஆட்டோபைலட்டை அணைக்கச் சொன்னேன். அப்போதும் சாய்ந்தது.

எரிபொருள் முட்களைப் பார்த்தேன். இடது இறக்கைத் தொட்டி நிறைந்திருந்தது. வலது தொட்டி வற்றிக்கொண்டிருந்தது. கிளம்பியதிலிருந்து வலது தொட்டியிலேயே எஞ்சின் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

“இடது தொட்டிக்கு மாத்துங்க சார். அரை மணி நேரத்துல தானா நிமிர்ந்துடும்.”

மாற்றினார். சிறிது நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

“இந்த வருஷம் கிருஷ்ணகிரியில மாம்பழம் எப்படி?”