வண்டிக்குள் வீடு, வீட்டுக்குள் பேட்டரி

பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பைத் தினமும் கடக்கிறவர்கள் எல்லோருமே ஒருவகையில் வண்டிக்குள் குடித்தனம் நடத்துகிறவர்கள்தான். இட்லி சாப்பிடுவது, ஷேவ் செய்துகொள்வது, மேனேஜரிடம் "பக்கத்துல வந்துட்டேன் சார்" என்று புளுகுவது எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். என் மச்சினன் அதையே முறைப்படி செய்துகொண்டான், அவ்வளவுதான். யாரோ ஒரு புண்ணியவான் டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றி, ஒரு வருஷம் சுற்றி, அலுத்துப்போய் விற்றதை வாங்கிவிட்டான். (வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விடாது. ஆசைப்படுகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு ஆசைப்படவும்.)

வண்டியில் கட்டில் உண்டு, சிங்க் உண்டு, குட்டி ஃபிரிட்ஜ் உண்டு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் இவற்றில் கட்டில் மட்டும் வேலை செய்யும். உள்ளே இருந்த பழைய பேட்டரி இரண்டும் செத்திருந்தன.

இன்ஜினைக் கிளப்புகிற பேட்டரி வேறு, வீட்டு பேட்டரி வேறு. முன்னது ஓரிரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பின்னது விடிய விடியக் கொஞ்சம் கொஞ்சமாகப் படியளக்க வேண்டும். அந்தப் படியளக்கிற சாமியைத் தேடித்தான் "வாங்க மாமா, சும்மா ஒரு ரவுண்டு" என்று என்னை ஜே.சி. ரோட்டுக்கு இழுத்துப்போனான்.

கடைக்காரர் வண்டியைப் பார்க்கவில்லை, என்ன ஓடப்போகிறது என்று கேட்கவில்லை. "நோடி சார், டியூபுலர் ஹாக்கிபிடி. நூத்தம்பது ஏ.ஹெச்., ரெண்டு. ஊரே ஓடும்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பெங்களூரில் பாதி வீடுகளின் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டரோடு உட்கார்ந்திருப்பது அந்த டியூபுலர் ஈய பேட்டரிதான். 1902-ல் சிவசமுத்திரத்தில் நீர்மின்சாரம் எடுத்தபோது அது முதலில் போனது கோலார் தங்கச் சுரங்கத்துக்கு. பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது 1905-ல். கரண்ட்டுக்குக் காத்திருக்கிற பழக்கம் இந்த ஊருக்கு அன்றே தொடங்கிவிட்டது.

பேட்டரியின் நெற்றியில் 150 என்று போட்டிருக்கிறதே, அது 20 மணி நேரம் நிதானமாக, ஏழரை ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கிற கணக்கு. ஊருக்கெல்லாம் ஏழரையால் சனி. இதற்கு ஏழரையைத் தாண்டினால்தான் சனி. அவசரப்பட்டு ஐம்பது, அறுபது ஆம்பியராக உறிஞ்சினால் மொத்தமே சுருங்கிவிடும். போதாக்குறைக்கு, ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுசும் குறையும். ஆக 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் என்றால் காகிதத்தில் 1,800 வாட்-அவர். நிம்மதியாகக் கைவைக்கக்கூடியது 900.

இது போதுமா, போதாதா என்று தெரிய, வண்டிக்குள் யார் யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மச்சினனின் பயமெல்லாம் மிக்ஸியைப் பற்றித்தான். "எழுநூத்தம்பது வாட்ஸ் மாமா!" என்று கண்ணை உருட்டினான். மிக்ஸி 750 வாட்தான். ஆனால் சட்னி அரைக்க மூன்று நிமிஷம். கணக்குப்படி 40 வாட்-அவர்கூட ஆகவில்லை. ஃபிரிட்ஜோ 45 வாட்தான் இழுக்கும். ஆனால் நாளில் பாதி நேரம் ஓடும். 540 வாட்-அவர் போச்சு. கல்யாணப் பந்தியில் "சாம்பார் எங்கேடா" என்று ஊரைக் கூட்டுகிற பெரியப்பா அரை இட்லியோடு எழுந்துவிடுவார். மூலையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறவர்தான் இலையை நாலு தடவை காலி செய்வார். ஃபேன், விளக்கு, லேப்டாப், போன் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 என்று வந்தது. ஒரு டியூபுலரின் 900 போதாது, இரண்டு வேண்டும்.

பட்டியலில் இண்டக்ஷன் அடுப்பும் இருந்தது. என் மனைவி போட்டது. 2,000 வாட் அடுப்பை 12 வோல்ட்டிலிருந்து எரிக்க 170 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதற்குக் கட்டைவிரல் தடிமனில் ஒயர் போட வேண்டும். ஃபில்டர் காபிக்காக ஒரு சப்-ஸ்டேஷன் கட்ட முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். "காபி இல்லாத வண்டியில் நான் ஏறமாட்டேன்" என்று பதில் வந்தது. 5 கிலோ சிலிண்டர் ஒன்று பதிவு செய்யப்பட்டது.

அடுத்து, டியூபுலரை எங்கே வைப்பது? சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜன் விடும்; உள்ளே அமிலம் அலை அடிக்கும். வீட்டு வராந்தாவில் சரி. தலைமாட்டில் வைத்துக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏற யாருக்குத் தைரியம் வரும்? இரண்டும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் வேறு. "ஒண்ணு மட்டும் மாத்திக்கோங்க, இன்னொன்னு இன்னும் கொஞ்சம் தாங்கும்" என்றார் இன்னொரு கடைக்காரர். பழையதையும் புதியதையும் பக்கத்தில் கட்டினால் பழையது புதியதையும் சேர்த்துப் படுக்க வைத்துவிடும். அங்கே டீ மட்டும் குடித்தோம்.

மிச்சம் இருந்தது லித்தியம். அதிலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஈய பேட்டரியை பிரான்சின் பிளாந்தே கண்டுபிடித்தது 1859-ல். இந்தப் பாஸ்பேட் வகை 1990-களில், டெக்சாஸில் குட்இனஃப் என்பவரின் ஆய்வகத்தில் வந்தது. லித்தியம்-அயனி பேட்டரிக்கான பணிக்காக 2019-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது வயது 97. இவ்வளவு நாள் சார்ஜ் நின்ற மனிதர் செய்தது என்றால் நம்பலாம் என்று மச்சினன் முடிவு கட்டினான். 200 ஆம்பியர்-அவர் லித்தியம் சுமார் 25 கிலோதான். "எண்பது கிலோ மிச்சம் மாமா, நீங்க ஒரு ஆள் சும்மாவே ஏறிக்கலாம்" என்றான். என் எடை அதுவல்ல.

லித்தியத்துக்கும் வீம்பு உண்டு. சைபர் டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. பெங்களூரில் பதிவானதிலேயே மிகக் குறைந்தது, 1884 ஜனவரியில் 7.8 டிகிரி. பயமில்லை. ஆனால் மச்சினன் லடாக் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இதுவரை பக்கத்திலிருக்கிற ராம்நகரைக்கூடத் தாண்டவில்லை; அதனால் வெந்நீர் ஒத்தடம் பற்றி இப்போதைக்கு யோசிக்கவில்லை.

நிஜமான ஆபத்து குளிர் அல்ல, டிராஃபிக். காலியான லித்தியம், ஆல்டர்னேட்டர் கொடுக்கிறதையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தால் ஆல்டர்னேட்டரின் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும்; சூடேறி அது புகைந்துவிடும். ஆக, நடுவில் ஒரு டிசி-டிசி சார்ஜர் வைத்து, "இதற்கு மேல் கேட்காதே" என்று கடிவாளம் போட வேண்டும். ஹெப்பாள் டிராஃபிக்கில் நிற்கிற வண்டிக்கு இது அலங்காரமல்ல, அவசியம். லித்தியம் விற்கிறவர்கள் இதைப் பில் போட்ட பிறகுதான் சொல்கிறார்கள். பில்லுக்கு முன்னால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

200 ஆம்பியர்-அவர் லித்தியம் ஒன்று, டிசி-டிசி சார்ஜர் ஒன்று. வாங்கியது இவ்வளவுதான். இரண்டு நாள் ஒரே இடத்தில் நிறுத்தினாலும் ஃபிரிட்ஜ் ஓடும், பால் கெடாது.

கடைசியாக ஒன்று. பழைய ஈய பேட்டரியைப் பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டியில் ஏற்றிவிடாதீர்கள். அவர் அமிலத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துப்போவார். 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது முறையான மறுசுழற்சிக்குப் போக வேண்டும். புதியது வாங்குகிற கடையிலேயே கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.