ஒகனல

போன ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்தால், ராத்திரியோடு ராத்திரியாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. கூடவே ஒரு நற்செய்தி. சந்தேகத்துக்கு இடமான மென்பொருள் ஒன்றைப் பிடித்துத் தனிச் சிறையில் வைத்துவிட்டதாம். அந்தச் சந்தேகப் பேர்வழி, எண்பதுகளின் பிபிசி மைக்ரோ கணினியைப் போல நடிக்கிற என்னுடைய எமுலேட்டர். மூன்று வாரம் கண்விழித்துப் பழக்கிவைத்த கீபோர்டு அமைப்புகளோடு சேர்த்து உள்ளே தள்ளியிருந்தது. விடுவிக்கலாம் என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். ஆள் வந்தான், நினைவு மட்டும் போயிருந்தது.

சரி போகட்டும் என்று விட்டுத்தொலைக்கிற ஆட்களாக இருந்தால் நீங்களும் நானும் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம். காபியை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இந்தக் கட்டுரை, எலைட் விளையாட்டில் விண்கப்பலை நிலையத்துக்குள் கொண்டுபோய்ச் செருகுவதைப் பற்றியது. 1984இல் கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிராபெனும் இயன் பெல்லும் எழுதிய விளையாட்டு. 32 கே நினைவகம் உள்ள பிபிசி பெட்டிக்குள் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். வீட்டு வாட்ஸாப் குழுவில் பெரியப்பா அனுப்புகிற காலை வணக்க ரோஜாப்பூ இதைவிடப் பல மடங்கு பெரியது. அந்த அண்டத்தில் வியாபாரம் பண்ணி, சண்டை போட்டு, கடைசியில் சுழன்றுகொண்டே இருக்கும் நிலையத்தின் குறுகலான வாசலுக்குள் நம் கப்பலையும் அதே வேகத்தில் சுழற்றிக்கொண்டு நுழைய வேண்டும். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் மேற்கோள் குறியைப் பற்றி இரண்டு வார்த்தை.

பழகிக்கொள்வதற்காக முதலில் ஒரு சின்ன விளையாட்டை எடுத்தேன். டிஸ்க் தானாகக் கிளம்பாத வகை. பிபிசி மைக்ரோவில் அப்படிப்பட்ட டிஸ்க்கை ஓட்ட, ‘செயின்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, விளையாட்டின் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். மேற்கோள் குறி, என்டர் கீக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? ஷிஃப்டோடு அழுத்தினேன். நட்சத்திரக் குறி வந்தது. சரி, நட்சத்திரக் குறி இருக்கும் 8ஐ அழுத்தினால் மேற்கோள் வருமோ என்று பார்த்தேன். அடைப்புக்குறி வந்தது. அடைப்புக்குறி இருக்கும் 9ஐ அழுத்தினால் அது முடிகிற அடைப்புக்குறி. 7ஐ அழுத்தினால் ஒற்றை மேற்கோள். நெருங்கிவிட்டோம் என்று இரண்டு தடவை தட்டினேன். ஒற்றை மேற்கோள் இரண்டு சேர்ந்தால் இரட்டை மேற்கோள் ஆகாது என்பதில் அந்தப் பெட்டி உறுதியாக இருந்தது. ‘நோ சச் வேரியபிள்’ என்றது. மூன்றே வார்த்தை. இப்போதைய மென்பொருள்களைப் போல “அச்சச்சோ, எங்கோ ஏதோ தவறு நடந்துவிட்டது” என்று கொஞ்சுகிற வேலையெல்லாம் அதற்குக் கிடையாது. தப்பு உன்னுடையது, அவ்வளவுதான்.

மேற்கோள் குறி 2இல் இருக்கிறது. நம் கீபோர்டில் மின்னஞ்சல் முகவரியின் @ குடியிருக்கும் இடத்தில். அந்த @ பிபிசியில் P எழுத்துக்குப் பக்கத்தில் தனிவீடு கட்டிக்கொண்டு போய்விட்டது. மேல்வரிசைத் தெருவில் இன்னும் சில குறிகள் ஒரு வீடு தள்ளிக் குடியிருக்கின்றன. & நம்மிடம் 7இல், அங்கே 6இல். திறக்கும் அடைப்பு நம்மிடம் 9இல், அங்கே 8இல். மூடும் அடைப்பு நம்மிடம் 0வில், அங்கே 9இல்.

பிபிசிக்காரர்களுக்குப் பைத்தியம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். பிறகு எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். (ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதன் வேறு என்ன செய்வான்?) அதில் 2இன் எண் 50. இரட்டை மேற்கோளின் எண் 34. 8இன் எண் 56. திறக்கும் அடைப்பு 40. எங்கே கழித்தாலும் 16. ஷிஃப்டை அழுத்தினால் ஒரே ஒரு பிட் மாற வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்து மலிவான மின்சுற்றுக்கு வசதியாக, அட்டவணையைப் பார்த்தே அடுக்கிய வரிசை அது. பைத்தியம் பிடித்தது நம் கீபோர்டுக்குத்தான். 1961இல் ஐபிஎம் செலக்ட்ரிக் தட்டச்சு இயந்திரம் வைத்திருந்த வரிசையை, உருண்டைத் தலையும் மை ரிப்பனும் ஒழிந்து இத்தனை காலமான பிறகும், ஏன் எதற்கு என்று கேட்காமல் கட்டிக்கொண்டு அழுகிறோம். கூட்டல் கழித்தல் தெரிந்த கீபோர்டு தோற்றுப்போய், டைப்பிஸ்ட் விரலுக்குப் பழகிய கீபோர்டு ஜெயித்தது. இதை நான் மத்தியானச் சாப்பாட்டின்போது வீட்டில் விளக்கினேன். “ரசம் போடட்டுமா?” என்றாள் மனைவி.

எமுலேட்டர் எழுதிய புண்ணியவான்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. அதனால் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். கீ இருக்கிற இடப்படி ஒன்று, கீயில் அச்சடித்த எழுத்துப்படி இன்னொன்று. எழுத்துப்படிக்கு மாற்றினேன். மேற்கோள் கேட்ட இடத்தில் மேற்கோள் வந்தது. கண்ணில் நீர் வந்தது. விளையாட்டும் கிளம்பியது. அந்தக் காலத்து பிபிசி விளையாட்டுகள் பலவற்றில் இடப்பக்கம் போக இசட், வலப்பக்கம் எக்ஸ், மேலே ஏற முக்காற்புள்ளி, கீழே இறங்கச் சாய்கோடு. பிபிசியில் முக்காற்புள்ளிக்குத் தனி கீ உண்டு. நம்மிடம் அது ஷிஃப்ட் போட்டால் வருவது. ஆகவே, எழுத்துப்படி வழியில், என் ஆள் ஏணியில் ஒரு படி ஏற வேண்டுமானால் நான் இரண்டு கீயை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும். இடப்படி வழியில் ஆள் ஜம்மென்று ஏறுவான், ஆனால் மேற்கோள் கேட்ட இடத்தில் வராது. அடிப்பதற்கு ஒரு வழி, ஆடுவதற்கு ஒரு வழி. நடுவில் மெனுவைத் திறந்து மாற்றுவதற்குள் என் ஆள் செத்துவிடுவான்.

ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ மாற்றியபோது, கீபோர்டே செத்துவிட்டது. எதை அழுத்தினாலும் ஒன்றும் வரவில்லை. எமுலேட்டரை மூடித் திறந்தேன். லேப்டாப்பை மூடித் திறந்தேன். இடப்படி, எழுத்துப்படி, நான் என்ன செய்தாலும் அந்தக் கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம். கடைசியில் நோட்பேடைத் திறந்து, கீபோர்டுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க அதே செயினை அடித்தேன்.

ஒகனல.

தமிழ்99 ஓடிக்கொண்டிருந்தது. அவசரத்தில் எந்தக் கீயோடு எந்தக் கீயை அழுத்தினேனோ, தமிழுக்கு மாறியிருக்கிறது. பிபிசியின் 6502 சிப்புக்கு நான் முக்கால் மணி நேரமாகத் தமிழில் கட்டளை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அது பாவம், என்ன செய்யும். ஒகேனக்கலில் தண்ணீர் வற்றிப் பாதிப் பாறை மட்டும் தெரிவதைப் போல அந்த வார்த்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சின்ன விளையாட்டை விட்டேன். நேரே எலைட். இங்கே ஒரு கேள்வி வந்தது: ஃப்ளாப்பியை இயக்க உனக்கு 8271 வேண்டுமா, 1770 வேண்டுமா? பஸ் நம்பர் கேட்பதுபோல. (சில பழைய டிஸ்க்குகள் முதலாவதில்தான் ஓடும். எது என்பது ஓட்டிப்பார்த்தால் தெரியும்.) 8271. அப்புறம், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ‘பிரேக்’ கீயைத் தட்டி, பிரேக்கை முதலில் விட்டு, ஷிஃப்டைப் பிறகு விட வேண்டும். பிரேக் என்பது என் லேப்டாப்பில் எஃப்12. எஃப்12 என்பது ‘எஃப்என்’ கீயையும் சேர்த்துப் பிடித்தால்தான் எஃப்12, இல்லாவிட்டால் அது ஒலியைக் கூட்டும் கீ. இரண்டு கையும் போதாமல் ஒருவழியாகத் தட்டினேன். டிஸ்க் ஓடுகிற சத்தத்தையும் எமுலேட்டர் தத்ரூபமாகப் போடும். ஒலியோ முழுக்க ஏறியிருந்தது. “என்னங்க, மிக்ஸி ஓடுதா?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

நிஜ இயந்திரத்தில் அந்த பிரேக் கீ, சிவப்பு கீ வரிசையின் வலப்பக்கக் கோடியில், தெரியாமல் விரல் படுவதற்கென்றே இருக்கும். பட்டால் எழுதிய நிரல் போச்சு. உடனே ஆங்கிலத்தில் ‘ஓல்ட்’ என்று அடித்தால் திரும்பிவரும். எனக்குத் தெரிந்து, வயதானதைச் சொன்னதும் மரியாதையாக நடந்துகொண்ட ஒரே பெட்டி அது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், எண்பதுகளில் மத்திய அரசின் கிளாஸ் திட்டத்தில் எங்கள் பள்ளிக்கு வந்தது இதே பிபிசி மைக்ரோதான். செருப்பை வெளியே விட வேண்டும். துணிப்போர்வையை விலக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்ட பையன்களும் உண்டு. ப்ளஸ் டூ அண்ணன் ஒருவரிடம் லண்டன் மாமா கொடுத்தனுப்பிய எலைட் டிஸ்க் இருந்தது. ஏழெட்டுத் தலைகளுக்குப் பின்னாலிருந்து, அவர் கப்பல் நிலையத்துச் சுவரில் மோதிச் சிதறுவதைப் பார்த்ததோடு சரி. தொடவிடவில்லை. அவர் சுழற்றிய திசை தப்பு என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை.

“பிரவுசர்லயே ஓடுதேப்பா, லிங்க் அனுப்பட்டுமா?” என்றாள் மகள், போனிலிருந்து தலையைத் தூக்காமல். இந்த மாதிரி உதவிதான் எனக்கு ஆகாது. “நீ கையில வச்சிருக்கியே, அந்த போனுக்குள்ள இருக்கிற ஏஆர்எம் சிப்போட மூதாதை, இந்த பிபிசி மைக்ரோவைச் செஞ்ச ஏக்கார்ன் கம்பெனிக்காரங்க 1985ல செஞ்சது தெரியுமா? இதுக்கு பேசிக் எழுதின சோஃபி வில்சன்தான் அதுக்கும்…” என்று ஆரம்பித்தேன். “சரிப்பா” என்றாள். சரிப்பாவில் எத்தனை வகை உண்டு என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

எலைட் வந்தது. லேவ் கோளின் நிலையம். கமாண்டர் ஜேம்சன், கையிருப்பு 100 கிரெடிட், எரிபொருள் 7 ஒளியாண்டு, தகுதி: ஆபத்தில்லாதவர். அதை அவர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. நிலையத்திலிருந்து கிளம்ப எஃப்0 அழுத்த வேண்டும்.

என் கீபோர்டு எஃப்1இல் ஆரம்பிக்கிறது. உங்களுடையதும்தான். பிபிசிக்காரர்கள் எண்ணுவதைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கியவர்கள். எமுலேட்டரில் எஃப்0வுக்குப் பதில் எஃப்10 என்று வைத்திருந்தார்கள், என் லேப்டாப்பில் எஃப்10 ஒலியை அடக்குகிற கீ. எஃப்என் சேர்த்துப் பிடித்தேன், நான் திறந்திருப்பதே தெரியாத வேறொரு ஜன்னலின் மெனு திறந்தது. ராத்திரி பதினொன்றரை வரை கமாண்டர் ஜேம்சன் லேவில் உட்கார்ந்திருந்தார். மிக்ஸி சத்தம் மட்டும் நின்றிருந்தது.

தனி கீபோர்டு வாங்குவது என்று முடிவெடுத்தேன். பழைய காலத்துக் கீ மாதிரி டக்டக்கென்று சத்தம் போடுகிற, பிபிசி போலவே சிவப்பு கீ கலந்த ஒன்று. எனக்கு ஆன்லைனில் வாங்கத் தெரியாது என்று மகளே தேர்ந்தெடுத்தாள். “உங்க கம்ப்யூட்டர் மாதிரியே இருக்குப்பா.” விலையைக் கேட்டு ஒரு நாள் யோசித்துவிட்டு, சரி என்றேன்.

நேற்று வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்து மேஜையில் வைத்தேன். அழகுதான். கைக்கு அடக்கமாக, இடத்தை அடைக்காமல், தேவையில்லாததை எல்லாம் கழித்துவிட்டுச் செய்திருக்கிறார்கள். எண் வரிசைக்கு மேலே ஒன்றுமில்லை. எஃப் வரிசையே கிடையாது.