படகுக்காரர் படுக்கையில்

கேள்வி: முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பிடித்த பொழுதுபோக்கையும் விட்டுவிட்டு மல்லாந்து கிடந்த பிரபலம் யாராவது உண்டா?

பதில்: ஏன் இல்லை? ஜான் எஃப். கென்னடி! பதினைந்து வயதில் பரிசாகக் கிடைத்த ‘விக்டுரா’ என்ற பாய்மரப் படகு அவருக்கு உயிர். 1954 அக்டோபரில், செனட்டராக இருந்தபோது, நியூயார்க்கில் முதுகெலும்பில் உலோகத் தகடு வைத்தார்கள். கிருமித் தொற்று ஏற்பட்டு, பாதிரியார் வந்து கடைசிச் சடங்கே செய்துவிட்டுப் போனார். மனிதர் பிழைத்தார். 1955 பிப்ரவரியில், அந்தத் தகட்டைக் கழற்ற மறுபடியும் கத்தி!

ஓய்வெடுத்தது ஃப்ளோரிடாவின் பாம் பீச்சில், கடலோர வீட்டில். அலைச் சத்தம் கேட்கும். படகில் கால் வைக்க முடியாது. பசித்தவனைப் பந்திக்குப் பக்கத்தில் கட்டிப்போட்ட கதைதான்.

சும்மா இருப்பாரா? தூரிகை பிடித்து ஓவியம் தீட்டிப் பார்த்தார். படுத்தபடியே ‘ப்ரொஃபைல்ஸ் இன் கரேஜ்’ புத்தக வேலையிலும் இறங்கினார். மே மாதம் செனட்டுக்குத் திரும்பினார். 1956-ல் வெளிவந்த புத்தகத்துக்கு மறு வருடமே புலிட்சர் பரிசு.

பெரும்பாலான அத்தியாயங்களின் முதல் வரைவை எழுதியது தான்தான் என்று உதவியாளர் டெட் சோரென்சன் 2008-ல் சொல்லிவிட்டார். முதுகு வலித்தது ஒருவருக்கு. முதுகொடிய எழுதியது இன்னொருவர்!