சக்கரத்துக்கும் ஒரு முத்திரை

பெறுநர்: தலைமை இயக்குநர் அவர்கள், இந்தியத் தர நிர்ணய அமைவனம், புது தில்லி.
அனுப்புநர்: ஹாம்ஸ்டர் வளர்ப்பவர், மணிமுத்தாறு, திருநெல்வேலி மாவட்டம்.
பொருள்: ஹாம்ஸ்டர் ஓடும் சக்கரத்துக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கோருதல் – தொடர்பாக.

ஐயா,

2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் பொம்மை விற்கக் கூடாது என்று ஆணை வந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கூர்முனை குத்துமா, சின்னப் பாகம் கழன்று தொண்டையில் சிக்குமா என்றெல்லாம் சோதிக்கிறீர்கள். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொருள்தான் பொம்மை என்கிறது ஆணை. எங்கள் ஹாம்ஸ்டருக்கு வயது ஒன்றரை. என்னதான் சத்தாகச் சாப்பிட்டாலும் மூன்றைத் தாண்டுவது அபூர்வம். ஆக, வயது வரம்பு பொருந்துகிறது. இனம்தான் இடிக்கிறது. அதையும் என் மகள் ஒப்புக்கொள்வதாயில்லை.

சக்கரம் வாங்கப் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். எலிக்கு என்று வாய் திறந்ததுமே கடைக்காரர் பொறியை எடுத்து மேசைமேல் வைத்து, "இதுல மாட்டுனா தப்பாது அண்ணாச்சி" என்றார். நெல் விளைகிற ஊர், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பிறகு கூரியரில் ஒன்று வந்து சேர்ந்தது. ரோஸ் கலர். ஓடுகிற இடமெல்லாம் குறுக்குக் கம்பி. அகலம் என் உள்ளங்கைக்குக் கொஞ்சம் கூட. ஏறி ஓடினால் முதுகு பின்பக்கமாக அரிவாள் மாதிரி வளைகிறது. பின்னங்கால் கம்பி இடுக்கில் நழுவுகிறது. எங்கள் ஊர்ப் போலீஸ் பட்டாலியனில் விடியற்காலை ஓடுகிற காவலர்களுக்காவது தரை தட்டையாக இருக்கிறது.

ஜெர்மனியில் விலங்குநல மருத்துவர் சங்கம் ஒன்று இதற்கு அளவே சொல்லி வைத்திருக்கிறது: தங்க ஹாம்ஸ்டருக்குக் குறைந்தது 30 செ.மீ. விட்டம், குள்ள ஹாம்ஸ்டருக்கு 20. ஓடுதளத்தில் இடைவெளி கூடாது. ஒரு பக்கம் முழுக்க மூடியிருக்க வேண்டும். ஏறி இறங்கும் பக்கத்தில் கழுத்தையோ காலையோ கத்தரிக்கிற குறுக்குச்சட்டம் கூடாது. நம் ஊருக்கு வருகிற கூண்டுகள் பலவற்றில் 30 செ.மீ. சக்கரம் நுழையவே நுழையாது. கூரியர் பெட்டிக்கு ஏற்ற கூண்டு, கூண்டுக்கு ஏற்ற சக்கரம், சக்கரத்துக்கு ஏற்றபடி எலி தன் முதுகெலும்பைத் திருத்திக்கொள்ள வேண்டியது என்று ஏற்பாடு.

"ஓடாமல் சும்மா கிடந்தால் என்ன?" என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது குறிப்பு எழுதக்கூடும். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தார் திறந்த வெளியில் சக்கரத்தை வைத்துப் பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். கூண்டில்லாத காட்டு எலிகள் தாமாக வந்து ஏறி ஓடியிருக்கின்றன. தவளையும் ஏறியிருக்கிறது. நத்தை இனத்தில் ஒன்றும்கூட! ஓட்டம் அவற்றின் சொந்த ஆசை. எங்கள் வீட்டு ஹாம்ஸ்டரும் இராத்திரி முழுக்கப் பல கிலோமீட்டர் ஓடுகிறவர்தான்.

2023 ஜூனில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைத் தேனியிலிருந்து லாரியேற்றி எங்கள் மணிமுத்தாறு வழியாகத்தான் மலைக்குக் கொண்டுபோனார்கள். கழுத்தில் ரேடியோ காலர், கூடவே கால்நடை மருத்துவர்கள். அது எங்கே நடந்தது, என்ன தின்றது என்று செய்தி வந்தபடி இருந்தது. சந்தோஷம். எடை குறைந்தவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள் என்பதே என் கோரிக்கை.

சோதனைக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஓடும்போது பக்கவாட்டில் நின்று பார்த்தால் போதும்: முதுகு நேராக இருந்தால் தேர்ச்சி, வளைந்தால் தள்ளுபடி. ஆனால் தங்கள் அலுவலக நேரத்தில் மேற்படியார் தூங்கிக்கொண்டிருப்பார். ஆய்வாளர் இரவு பத்து மணிக்கு மேல் வர வேண்டியிருக்கும். பயணப்படி விதிகளில் அதற்கு இடமுண்டா என்று பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள நுகர்வோர்

இணைப்பு: ரோஸ் கலர் சக்கரம் ஒன்று. திருப்பி அனுப்ப வேண்டாம்.