களைத்த உடம்பும் விழித்த மனசாட்சியும்

கேள்வி: வேலை முடிந்து வீடு சேர இரவு ஒன்பதாகிறது. சாப்பாடு, துணி எல்லாமே செயலியில்தான் வாங்குகிறேன். அறத்தோடு வாழ எனக்குத் தெம்பு ஏது?
- வாசகி, அம்பத்தூர்

பதில்: களைத்தவரிடம் துறவறம் கேட்பது நியாயமில்லை. சாப்பாட்டை வரவழையுங்கள். கொண்டுவருபவரும் களைத்தவர்தான், தாமதமானாலும் ஐந்து நட்சத்திரம் கொடுங்கள், உங்கள் வானம் இருண்டுவிடாது! துணியை மட்டும் தள்ளிப்போடுங்கள். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு, செடி வளர்வதிலிருந்து கணக்கிட்டால், சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாவதாக மதிப்பீடு. தேவைக்கு வாங்கலாம், தள்ளுபடிக்காக வேண்டாம். கடைக்கு நேரில் போனால், விற்பனைப் பெண்களுக்கு உட்கார இருக்கை உண்டா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் அதற்குச் சட்டமே வந்துவிட்டது. இல்லையென்றால் முதலாளியிடம் கேளுங்கள். நின்றே களைத்த அவர்களுக்காக, உட்கார்ந்து களைத்த நாம் கேட்டே ஆகவேண்டும்.